கனம் பொருந்திய பவர் சப்ளை

உலகத்தில் உருப்படியான எதுவும் இலேசாக இருந்ததில்லை. தேவாலயத்து மணி கனம். கப்பலின் நங்கூரம் கனம். மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் ஆணை, எழுத்துக்கு எழுத்து கனம். பெரிய மனிதர்களை நாம் 'கனம் பொருந்திய' என்று அழைப்பதும் சும்மா இல்லை. இலேசானவர்களை அப்படி அழைத்தால் அவர்களே திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பேருண்மையை வடகடலோரத்தில் ஓஸ்டர்சீல் என்ற சின்னஞ்சிறு ஊரில், பொழுதுபோக்காக மைக்கைப் பிடித்து ஊர்விட்டு ஊர் பேசும் வானொலி நண்பர் சங்கம் வெகு காலமாகக் கடைப்பிடித்து வந்தது. ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று பார்க்க அவர்கள் மீட்டர் எதையும் தேடுவதில்லை. தூக்கிப் பார்ப்பார்கள். தூக்க முடிந்தால் அது விளையாட்டுச் சாமான். முடியாவிட்டால் அது தரமான பொருள்.

அந்த வகையில், சங்கத் தலைவர் ஃபோக்கோ உப்பென் வசந்தகாலப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிவந்த பவர் சப்ளை, ஐரோப்பாவிலேயே தரமான பொருள்களில் ஒன்று. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைத்து, சீராக்கி, வானொலிக் கருவிக்கு ஊட்டிவிடுவது அதன் வேலை. இதே வேலையைச் செய்ய இப்போது ரொட்டிப் பெட்டி அளவில், ஒரு விரலில் தூக்கிக்கொண்டு போகும்படி கருவி வந்துவிட்டது. சங்கத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதுவோ சாம்பல் நிற இரும்புப் பெட்டி. உள்ளே கன்றுக்குட்டித் தலை அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர். முன்னால் இரண்டு மீட்டர், இரண்டு கைப்பிடி. அதற்கு முன்பு யார் கையில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் தெரியாது. விற்றவர் அதை வண்டியில் ஏற்ற ஓடிவந்து உதவினார். பழைய சாமான் விற்கிற ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக உதவியதை ஃபோக்கோ அதற்கு முன் பார்த்ததில்லை. பொருளின் பெருமைக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சங்கத்தின் அறை, பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இருந்தது. படிகள் செங்குத்து. நான்கு பேர் தூக்கினார்கள். பாதிப் படியில் செயலாளர் மென்னோவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அது 'சங்கப் பணியின்போது ஏற்பட்ட இடுப்புப் பிடிப்பு' என்று அவராலேயே முறையாகப் பதிவு செய்யப்பட்டது.

மேசையில் வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். விளக்குகள் ஒரு கணம் மங்கி வணக்கம் சொல்லின. மீட்டர் முள் எழுந்து நின்றது. பிறகு பெட்டியின் வயிற்றிலிருந்து ஒரு ஓசை வந்தது. ம்ம்ம்ம் என்று, அடிவயிற்றிலிருந்து, நிறுத்தாமல். உறுப்பினர்கள் தங்களை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஃபோக்கோவின் மனைவி கேஷே அப்போதுதான் தேநீர்க் கெண்டியோடு மேலே வந்தாள்.

"என்ன இது முனகுது?" என்றாள்.

"முனகல் இல்ல. ரீங்காரம்" என்றார் ஃபோக்கோ.

"நம்ம பழைய ஃப்ரிட்ஜும் இப்படித்தான் ரீங்காரம் பண்ணுச்சு. அப்புறம் பால் கெட்டுப்போச்சு."

கேஷே உரிமம் பெற்ற வானொலியாளர் அல்லர் என்பதால் இந்தக் கருத்தைப் பதிவு செய்ய விதியில் இடமில்லை என்று மென்னோ இடுப்பைப் பிடித்துக்கொண்டே விளக்கினார். கேஷே தேநீரை ஊற்றிவிட்டுக் கீழே போனாள்.

அந்த நாளில்தான் சங்கத்தின் தலைமேல் ஒரு கத்தி தொங்க ஆரம்பித்திருந்தது. கத்தியின் பெயர் எதிர்காலம்.

புதிய மேயர் டாக்டர் ஹேபர்லே தெற்கிலிருந்து, மலையும் திராட்சைத் தோட்டமும் உள்ள சீமையிலிருந்து வந்தவர். சுறுசுறுப்பானவர். தீயணைப்பு நிலையத்து மாடியை 'யோசனைக் கூடம்' ஆக்குவது அவர் திட்டம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள், ஒரு காப்பி இயந்திரம், கிறுக்குவதற்கென்றே ஒரு சுவர். இளைஞர்கள் அங்கே வந்து 'கட்டுகளை உடைத்து' யோசிப்பார்களாம். ஓஸ்டர்சீலில் யோசிக்க இடமில்லாமல் இளைஞர்கள் தெருவில் தவித்துக்கொண்டிருந்ததாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் ஊருக்குப் புதிது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் இந்தத் தவிப்பெல்லாம் கண்ணில் படும்.

அறையை விட்டுவைக்கும்படி சங்கம் விண்ணப்பம் போட்டது. மேயர் நேரில் பார்க்க வந்தார். நல்ல மனுஷி, யாரையும் காக்கவைத்துப் பழக்கமில்லை. கேஷே தேநீர் கொடுத்தாள். இந்தக் கரையோரத்தில் போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மேயருக்கு அது தெரியாது. "போதும், போதும்" என்று வாயால் சொன்னார். வாய்ச்சொல்லை யார் கேட்கிறார்கள்? கேஷே ஊற்றிக்கொண்டே இருந்தாள், அவரும் மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தார்.

ஃபோக்கோ எழுந்து நின்று பேசினார். அவருக்கு அந்த அறை வெறும் அறை இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை எங்கே போவது என்று தெரியாமல் அவர் ஏறிய படி அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தான் ஒரு ஆள் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் வருகிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் புயலைப் பற்றிச் சொன்னார்.

"ஒரு நாள் புயல் வரும். கடல் கரையை உடைக்கும். கரண்டு போகும், போன் போகும், இன்டர்நெட் போகும். அப்ப ஊருக்காக யாரு பேசுவா? நாங்க."

மேயர் தலையாட்டினார். பிறகு பவர் சப்ளையைக் காட்டினார். அதன் தடித்த வயர் சுவர் பிளக்கில் சொருகியிருந்தது.

"கரண்டு போயிட்டா இது எதுல ஓடும்?"

அறையில் ரீங்காரம் மட்டும் கேட்டது. முன்பு இந்த அவசரத்துக்கென்றே இரண்டு பேட்டரிகள் இருந்தன. கனம் பொருந்தியவருக்கு மேசையில் இடம் வேண்டுமென்று அவற்றை அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

"அந்தக் கேள்வி இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லீங்க" என்றார் மென்னோ.

மேயர் அதற்குமேல் நோண்டவில்லை. சரி, கரண்டு இருக்கும்போதே காட்டுங்கள் என்றார். வரும் சனிக்கிழமை அவசரகாலப் பயிற்சி. மாவட்டத்துக்கு அறிக்கை போகும். மேயர் ஒரு செய்தி தருவார், அதைக் கடலுக்கு அந்தப் பக்கம் வெஸ்டரூக் தீவுக்கு வானொலியில் சொல்ல வேண்டும். செய்தி போய்ச் சேர்ந்தால் அறை சங்கத்துக்கு. சேராவிட்டால் மூட்டை நாற்காலிக்கு. இதைவிட நியாயமாக எந்த மேயரும் பேச முடியாது.

தீவில் இருந்தவர் தியார்க், ஃபோக்கோவின் பழைய வானொலிச் சிநேகிதர். இப்படிப் பேசுகிற 'ஹாம்' வானொலிக்காரர்கள் உலகம் முழுக்க ஒருவரையொருவர் 'கிழவா' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். இருபது வயதுக்காரனும் அங்கே கிழவன்தான். இந்தச் சங்கத்தில் அது வெறும் மரபாக இல்லாமல் உண்மையாகவும் இருந்தது.

இன்னொரு மரபும் உண்டு, அதுதான் இந்தக் கதைக்கு உயிர். ஒருவர் குரல் எப்படி வந்து சேர்ந்தது என்று எதிராளி மதிப்பெண் தர வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழு மதிப்பெண் ஐம்பத்தொன்பது. ஆதியில் இது ஓர் அளவாக இருந்திருக்கலாம். நாளடைவில் பண்பாடாக முதிர்ந்துவிட்டது. யாரும் யாருக்கும் ஐம்பத்தொன்பதுக்குக் குறைந்து தருவதில்லை. "ஐம்பத்தொன்பது, அருமையா வருது! உங்க பேரு என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க, ஊரும் கேக்கலை" என்பது இந்தச் சகோதரத்துவத்தின் தினசரிப் பேச்சு. மனிதர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும் இடம் பூமியில் வேறு இல்லை.

இதில் ஃபோக்கோவின் தாராளம் தனிப் புகழ் பெற்றது. அவர் உத்தியோகத்தில் மோட்டார் வண்டிப் பரிசோதகர். பொட்டு அளவு துரு இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பியவர். உடன்பிறந்த தம்பியின் வண்டிக்கே பிரேக் சரியில்லை என்று எழுதி, அவன் கிறிஸ்துமஸுக்கு வராமல் போன கதையும் உண்டு. அப்படிப்பட்டவர் சாயங்காலம் மைக்கைப் பிடித்துவிட்டால் கர்ணன்தான். கொரகொரப்பு, இரைச்சல், பாதிச் சொல் காணவில்லை, எதுவானாலும் ஐம்பத்தொன்பது.

இப்போது அவருக்கு ஒரு சின்னச் சங்கடம் வந்தது. கேஷே சொன்ன ஃப்ரிட்ஜ் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பெட்டியின் ஓசை வெறும் பெட்டிக்குள் இருக்கிறதா, இல்லை தன் குரலோடு சேர்ந்து காற்றிலும் போகிறதா? போனால் சனிக்கிழமை செய்தி போய்ச் சேராது. அறை போய்விடும்.

இன்னொரு ரிசீவரை வைத்துத் தன் குரலைத் தானே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது அவர்கள் மரபில் அநாகரிகம். தவிர, அப்படிச் செய்தால் உண்மை தெரிந்துவிடும் அபாயமும் இருந்தது.

ஆகவே தியார்க்கைக் கூப்பிட்டார்.

"கிழவா, இன்னைக்கு உண்மையைச் சொல்லணும். எப்படி வருது?"

"ஐம்பத்தொன்பது, கிழவா. தேன் மாதிரி."

"பின்னால ஏதாவது சத்தம் கேக்குதா?"

"ஐம்பத்தொன்பது, கிழவா. தேன் மாதிரி."

ஃபோக்கோ வேறு ஆளைத் தேடினார். இத்தாலியில், பொலோனியா நகரத்தில் ஒருவர் கிடைத்தார். அவரிடம் வேண்டுமென்றே வண்டிப் பரிசோதனைச் சட்டத்திலிருந்து பிரேக் பற்றிய பகுதியை முழுசாக வாசித்தார். "ஐம்பத்தொன்பது. எல்லாம் புரிஞ்சுது. இங்கயும் நல்ல வெயில். வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றார் அவர். ஃபோக்கோ வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எண்ணை நம்பவில்லை.

மறுநாள் செயற்குழு அவசரமாகக் கூடியது. பவர் சப்ளையின் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்பது பொருள். ஃபோக்கோவே கொண்டுவந்தார். மென்னோ கடுமையாக எதிர்த்தார். மூடியைத் திறப்பது என்றால் அதை வாங்கிய தலைவர் மீது சந்தேகம் என்று அர்த்தம். தலைவரைச் சந்தேகிக்க இந்தச் சங்கத்தில் யாருக்கும் துணிவு இல்லை, தலைவருக்கும்கூட இருக்கக்கூடாது. நாலு திருகாணிகளைக் கழற்றும் அந்தத் தீர்மானம் தோற்றது. அதற்குப் பதிலாகத் தலைவர்மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் கரவொலியுடன் நிறைவேறியது. ஃபோக்கோ நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

மிச்சம் இருந்தது கேஷே. உரிமம் இல்லாதவள், மரபு தெரியாதவள், ஃப்ரிட்ஜை ஃப்ரிட்ஜ் என்று சொன்னவள். ஒரு கையடக்க ரிசீவரை அவளிடம் கொடுத்து, ஊருக்கு வெளியே கடல்கரை மேட்டில் போய் நின்று கேட்டுவரும்படி கெஞ்சினார். அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். ஃபோக்கோ மாடியில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினார், பிறகு மாதங்களின் பெயரைச் சொன்னார், பிறகு சொல்ல எதுவும் இல்லாமல் "கேஷே, கேஷே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் தலை கலைந்து, செருப்பில் ஆட்டுப்புழுக்கையோடு திரும்பி வந்தாள். ஃபோக்கோ படியிலேயே நின்றிருந்தார். மைக் இன்னும் கையில் இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

கேஷே அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐம்பத்தொன்பது" என்றாள்.

அன்று ராத்திரி ஃபோக்கோ நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை வந்தது. அறையில் நிற்க இடமில்லை. உறுப்பினர்கள் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டோடு வந்திருந்தார்கள். மென்னோ பவர் சப்ளைக்கு மேலே சங்கக் கொடியை விரித்திருந்தார். மேயர் பைனாகுலரோடு வந்தார். தீயணைப்புக் குழாய்களைக் காயப்போடுகிற அந்தக் காலத்துக் கோபுரம் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் தீவின் கலங்கரை விளக்கமும், அதன் அருகே கொடிக்கம்பமும் தெரியும்.

மேயர் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கம்பத்தில் இருக்கும் கொடியை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீல மேசைவிரிப்பை ஏற்றவும். அவ்வளவுதான். மேசைவிரிப்பு ஏறினால் செய்தி சேர்ந்தது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. தெற்கத்தியர்கள் கொஞ்சம் சந்தேகப் பிராணிகள்.

ஃபோக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை. கனம் பொருந்தியவர் அன்றைக்கு முழு மூச்சில் ரீங்கரித்தார்.

ஒலிபெருக்கியில் தியார்க்கின் குரல் வந்தது. வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது.

"ஐம்பத்தொன்பது, கிழவா. எல்லாம் வந்து சேர்ந்துச்சு. உடனே செய்யறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மனசைத் தேத்திக்குங்க எல்லாரும்."

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. கடைசி வாக்கியம் எதற்கு என்று ஃபோக்கோவுக்குப் புரியவில்லை. அறை விஷயமாகத் தைரியம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மேயர் கோபுரத்து ஜன்னலில் பைனாகுலரைத் தூக்கினார்.

"கொடி இறங்குது" என்றார்.

மறுபடியும் கைத்தட்டல்.

"பாதியில நின்னுடுச்சு."

கைத்தட்டல் குறைந்தது. மேசைவிரிப்பைத் தேடிக்கொண்டிருப்பார் என்றார் மென்னோ. தீவில் நீலத்தில் கிடைப்பது கஷ்டம் என்றார் இன்னொருவர். எல்லோரும் காத்திருந்தார்கள். கொடி கம்பத்தின் பாதியில், துக்கத்துக்குப் பறக்கிற கொடி போல, தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் தீவிலிருந்து புறப்பட்ட படகு துறைக்கு வந்துகொண்டிருந்தது. தீவின் கொடியைப் பார்த்து அதன் கொடியும் பாதிக்கு இறங்கியிருந்தது. படகைப் பார்த்துத் துறைமுக அலுவலகம் தன் கொடியைப் பாதிக்கு இறக்கியது. துறைமுகத்தைப் பார்த்துப் புதிய தீயணைப்பு நிலையம் இறக்கியது. ஒரு துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதில் ஓஸ்டர்சீல் காட்டும் வேகத்தை வேறெந்த ஊரும் காட்ட முடியாது. என்ன துக்கம் என்று கேட்டு நேரத்தை வீணாக்க அங்கே யாரும் இல்லை. மேயர் பைனாகுலரைக் கீழே இறக்கி நேர் கீழே பார்த்தார். அவருடைய சொந்த நகர்மன்றக் கட்டடத்தின் கொடி, மரியாதையாக, மெதுவாக, பாதிக் கம்பத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கைப்பேசியில் நகர்மன்றக் காவலரைப் பிடித்தார்.

"யாரு இறந்தது?"

"தெரியாதுங்க மேடம். துறைமுகத்துல இறக்குனாங்க, நாமளும் இறக்கிட்டோம்." காவலர் தயங்கினார். "காலையிலேர்ந்து உங்களை யாரும் பாக்கலைங்க. அதனால நாங்க..."

மேயர் கைப்பேசியை ஃபோக்கோவிடம் நீட்டினார். தீவைக் கூப்பிடுங்கள் என்றார். ஃபோக்கோ எண்ணை அழுத்தினார். மேயர் ஒலியைப் பெரிதாக்கியதால் அறை முழுவதும் கேட்டது.

"தியார்க், நான் ஃபோக்கோ பேசறேன்."



"நீ இருக்கியா?" என்றார் தியார்க்.

"இருக்கேன். ஏன் இருக்கமாட்டேன்?"

"அப்ப செத்தது யாரு?"

"யாரும் சாகல. யாரு சொன்னா?"

"ஒரே ஓலமா இருந்துச்சுப்பா. நடுவுல 'கொடி', 'இறக்கி'ன்னு ரெண்டு வார்த்தை காதுல விழுந்துச்சு. உன் குரலையே காணோம், வெறும் முனகல்தான். சரி, கிழவன் போயிட்டான், சங்கத்துல எல்லாரும் அழுறாங்கன்னு நினைச்சேன். நானும் கொஞ்சம் அழுதேன்."

யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அப்புறம் எதுக்குடா ஐம்பத்தொன்பதுன்னு சொன்ன?"

"முனகல் ஐம்பத்தொன்பதுதான் வந்துச்சு. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது." தியார்க்கின் குரல் சூடாகியது. "நீ மட்டும் யோக்கியமா? என் கருவி கொரகொரங்குதுன்னு தீவுல நாய்கூடச் சொல்லுது. நீ இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருப்பியா? துரு இருக்குன்னு ஊரான் வண்டியையெல்லாம் திருப்பி அனுப்பினவன்தானே நீ?"

ஃபோக்கோ கைப்பேசியை மேயரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கதவோரம் கெண்டியோடு நின்ற கேஷேயைப் பார்த்தார்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் வந்தேன்" என்றாள் கேஷே. "உன் மூஞ்சியைப் பாத்தேன். சொல்ல முடியலை."

"அதுக்காக?"

"குளிர்காலம் முழுக்க உனக்குக் கேல் கீரை சமைக்கிறேன். எப்படி இருக்குன்னு கேக்கறேன். நீ என்ன சொல்ற?"

"நல்லா இருக்குன்னு சொல்றேன்."

"தட்டுல பாதி மிச்சம் இருக்கும். அதை நாந்தானே கழுவறேன்?"

ஃபோக்கோ தரையைப் பார்த்தார். உறுப்பினர்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளிலும் கேல் கீரை சமைக்கிறார்கள்.

"உப்பு ஜாஸ்தி" என்றார் கடைசியில். "முதல்லேர்ந்தே ஜாஸ்தி."

"ம். இப்பத்தான் நீ பேசறது காதுல விழுது" என்றாள் கேஷே. அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

ஃபோக்கோ மேயர் பக்கம் திரும்பினார்.  இவ்வளவு வருஷம் உரிமம் வைத்திருந்தும் செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்துவிட்டார்.

"மேயரம்மா, எனக்கு நானே மார்க் போட்டுக்கறேன். பதினொண்ணு. தெளிவுக்கு ஒண்ணு, பலத்துக்கு ஒண்ணு. அதுக்குமேல போட முடியாது. அது ரீங்காரம் இல்ல, முனகல்தான். உள்ள இருக்கிற பெரிய கண்டன்சர் காஞ்சு போயிருக்கணும், மாத்தினா சரியாயிடும். திறந்து பாக்க எங்களுக்குத் தைரியம் இல்ல. கரண்டு போனா அது ஓடாதுங்கறதும் நிஜம். பேட்டரி ரெண்டும் கீழ சைக்கிள் கொட்டாயில கிடக்கு." மூச்சு வாங்கினார். "புயலுக்காகன்னு சொன்னேன். புயலுக்காக இல்ல. இந்த ரூம் இல்லாட்டி காலையில எழுந்து நான் எங்கயும் போறதுக்கு இல்ல. இங்க இருக்கிற யாருக்கும் இல்ல. இதை விட்டுவைங்க. மூடியைத் திறந்து, பழுது பாத்து, பேட்டரியை மறுபடி மாட்டி, ஒழுங்காப் பேசிக் காட்டறோம்."

மென்னோ இதைப் பதிவேட்டில் ஏற்றலாமா என்று மெல்லக் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் பேனாவை மூடிவைத்தார்.

மேயர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. நடுநடுவே புரிந்ததாகத் தலையாட்டினார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கொடி இன்னும் பாதியில்தான் இருந்தது. மேலே ஏற்ற வேண்டுமானால் ஏன் இறக்கினோம் என்று ஊருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று காவலர் தகவல் அனுப்பியிருந்தார். கேஷே அவர் கோப்பையில் தேநீர் ஊற்ற வந்தாள். மேயர் கரண்டியை எடுத்து அழகாகக் கோப்பைக்குள் வைத்தார். அவர் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"மாவட்டத்துக்குப் 'பயிற்சி மிகச் சிறப்பா நடந்தது'ன்னு எழுதிடறேன்" என்றார். "என் கட்டடத்துக் கொடியே இறங்கினதை நான் எழுத முடியுமா? நீங்க கவலைப்படாதீங்க."

ஃபோக்கோவின் முகம் மலர்ந்தது.

"அப்ப எங்க விண்ணப்பம்?"

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. நகர்மன்றக் காவலர். அளவு நாடாவை எடுத்து, சுவரின் ஒரு மூலையில் ஊன்றி, இழுத்துக்கொண்டே மறு மூலைக்குப் போனார். கிறுக்குவதற்கான சுவர் அதுதான்.

மேயர் எழுந்து, ஃபோக்கோவின் கையைப் பிடித்து, அன்பாகக் குலுக்கினார்.

"நீங்க பேசினது ரொம்பத் தெளிவா, ரொம்ப பலமா வந்து சேர்ந்துச்சு. ஐம்பத்தொன்பது" என்றார். "என்ன கேட்டிருந்தீங்க? மறுபடி ஒரு தடவை சொல்லுங்க."